தனியாகப் பாடும் மேடையில் காலால் தாளம் சேர்க்க நினைப்பவர்களுக்கு

கோயம்புத்தூரில் கிட்டாரும் குரலுமாகத் தனியாகப் பாடி வருகிறேன். கஃபே, ஓட்டல் புல்வெளி, கல்யாண வரவேற்பு என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன். முன்பு என்னோடு கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் பெட்டி வாத்தியம்) வாசிக்க ஒரு நண்பர் இருந்தார். வேலை மாற்றலாகி அவர் பெங்களூருக்குப் போய்விட்டார். பெரும்பாலான இடங்களில் கிடைப்பது ஒருவருக்கான தொகைதான், அதை இருவர் பங்கிட்டால் இருவருக்கும் போதாது. அதனால் வேறு ஆளைத் தேடவில்லை. காலால் நாமே தாளம் போடலாம் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. காணொளிகளில் பார்க்கும்போது மிக எளிதாகத் தெரிந்தது: பாடகரின் காலடியில் ஒரு சின்ன மரப்பெட்டி, பாதத்தால் தட்டினால் பெரிய டிரம் போல ஒரு 'தும்', ஒரே ஆள் முழு இசைக்குழுவாகிவிடுகிறார். அந்தத் 'தும்' என் மேடைக்கு ஒழுங்காக வந்துசேர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ஏறத்தாழ 35,000 ரூபாய் செலவானது. நடுவே வலது காலை ஊன்ற முடியாமல் சில வாரங்கள் நிகழ்ச்சிகளை விட்டுக்கொடுத்தேன். இதில் பாதியாவது யாராவது முன்னால் சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். எனக்குச் சொல்ல யாரும் இல்லை, அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றி. ஸ்டாம்ப் பாக்ஸ் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை உள்ளே வெறும் மரமும் ஒரு பியசோ தகடும்தான். வட்டமான மெல்லிய பித்தளைத் தகட்டின்மேல் ஒரு பீங்கான் படலம் இருக்கும், அதிர்வு பட்டால் அது மின்னழுத்தம் தரும். இறக்குமதியான ஒன்றை 13,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வீட்டில் என் கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் செருகித் தட்டியபோது அறையே அதிர்ந்தது. மகிழ்ச்சியில் அன்று இரவு வெகுநேரம் தூங்கவில்லை. அடுத்து வந்த கஃபே நிகழ்ச்சிகளுக்கு அந்த ஆம்பையே எடுத்துப்போனேன். அப்படி ஒரு மாலையில், நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே ஒவ்வொரு அடிக்கும் கரகரவென்று ஒரு சத்தம் கூட வர ஆரம்பித்தது. சற்று நேரத்தில் கிட்டாரும் குரலும்கூடக் கரகரத்தன. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஓரத்தில் கிழிந்திருந்தது. மீதிப் பாட்டுகளை மைக்கும் ஆம்பும் இல்லாமல் பாடி முடித்தேன். பழுதுபார்க்க 4,200 ரூபாய் ஆனது.

பழுதுபார்த்தவர்தான் காரணத்தை விளக்கினார். என் ஆம்பில் இருப்பது 8 அங்குல ஸ்பீக்கர். கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி, திறந்த நிலையில், சுமார் 82 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 82 அதிர்வு. கிட்டாருக்கென்று செய்த சின்ன ஆம்ப் அதுவரை இறங்கினால் போதும். காலடியின் கனமோ 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலியை உரக்க எழுப்பினால் சின்னக் கூம்பு தன் எல்லையைத் தாண்டி முன்னும் பின்னும் அலைகிறது. தட்டுவது போன்ற திடீர் அடிகளில் அது இன்னும் மோசம். ஆகவே முதல் விஷயம் இது: கிட்டார் ஆம்பில் காலை இணைக்காதீர்கள். 12 அங்குல ஸ்பீக்கராவது வேண்டும், தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபர் இருந்தால் நல்லது. வேறு வழியே இல்லாமல் சின்ன ஸ்பீக்கரில்தான் வாசிக்க வேண்டுமென்றால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஈக்வலைசரில் வெட்டிவிட்டு, 120 பக்கம் சற்றும், 2,500 பக்கம் சற்றும் ஏற்றுங்கள். மேலே உள்ள அந்த 'டக்' தெளிவாகக் கேட்டால், கீழே கனம் குறைந்திருந்தாலும் காது அதைத் தாளமாக எடுத்துக்கொள்கிறது. கஃபேக்களில் இன்றும் நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

ஆம்ப் பழுதில் இருந்த நாட்களில் ஒரு கல்யாண வரவேற்பு வந்தது. பெரிய மண்டபம், பெரிய ஸ்பீக்கர்கள், சப்வூஃபரும் உண்டு. இங்கே கவலையில்லை என்று நிம்மதியாகப் போனேன். பெட்டியின் கேபிளை நேரே மிக்சரில் செருகினார்கள். கேட்டது என்ன தெரியுமா, விரல் நகத்தால் மேஜையைத் தட்டுவது போன்ற வறண்ட ஓசை. மிக்சரில் இருந்த தம்பி பாஸ் திருகியை முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, கீழே ஒன்றுமே வரவில்லை, தட்டுவது மட்டும்தான் கேட்கிறது" என்றார். பெட்டி கெட்டுவிட்டது என்றே இருவரும் நினைத்தோம். மாப்பிள்ளை வீட்டார் நின்று பார்க்க, பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பாடினேன். அன்று பட்ட அவமானம் பல நாள் மனதில் இருந்தது.

பெட்டி கெடவில்லை. பியசோ தகடு மின்சுற்றில் ஒரு கெப்பாசிட்டர் போல நடந்துகொள்கிறது. அதைச் செருகும் இடத்தின் உள்ளீட்டு மறிப்பு (இம்பிடன்ஸ், ஓம் கணக்கில் சொல்வது) குறைவாக இருந்தால் தாழ்ந்த ஒலிகள் அங்கே சரியாகப் போய்ச் சேர்வதில்லை. மிக்சரின் லைன் உள்ளீடு வழக்கமாக 10,000 ஓம் அளவில் இருக்கும். சாதாரணமான 27 மில்லிமீட்டர் தகடு ஒன்றை அதில் செருகினால் சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதெல்லாம் மெலியத் தொடங்கிவிடும், 60 ஹெர்ட்ஸில் மிஞ்சுவது மிகச் சொற்பம். கிட்டார் செருகுவதற்கென்று உள்ள உள்ளீடு 10 லட்சம் ஓம் அளவில் இருக்கும். என் ஆம்பில் அறை அதிர்ந்ததற்கும் மண்டபத்தில் நகம் தட்டியதற்கும் வித்தியாசம் இவ்வளவுதான். நடுவே ஒரு ஆக்டிவ் டி.ஐ. பாக்ஸ், அதாவது வாத்தியத்தின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னக் கருவி, வைத்தால் தீர்ந்தது. மிக்சரிலிருந்து வரும் 48 வோல்ட்டிலேயே அது இயங்கும். 6,000 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். இந்தச் செலவை மட்டும் நான் வருந்துவதில்லை. வாங்கும்போது உள்ளீட்டு மறிப்பு 1 மெகா ஓம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்றும் உண்டு: பியசோ தரும் மின்னழுத்தம் பலமாக மிதித்தால் சில வோல்ட் வரைகூட எகிறும். டி.ஐ. பாக்ஸில் ஒலியைக் குறைக்கும் பேட் சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுவிட்டுத் தொடங்குவதே பத்திரம்.

ஒலி சரியாக வந்த பிறகு மேடை தொல்லை கொடுத்தது. பந்தல்காரர்கள் போடும் மேடை இரும்புச் சட்டத்தின்மேல் பிளைவுட் பலகை, கீழே வெற்றிடம். மேடையே ஒரு பெரிய தோற்கருவி ஆகிவிடுகிறது. நான் தட்டினால் மைக் ஸ்டாண்ட் வழியாகக் குரல் மைக்குக்குள்ளும் 'தும்' போகிறது. சப்வூஃபர் எழுப்பும் அதிர்வு பலகை வழியே என் பெட்டிக்குத் திரும்பி வந்து ஊளையிடுகிறது. ரப்பர் விரிப்பு ஒன்றைப் பெட்டியின் அடியில் போட்டதும் பெருமளவு அடங்கியது, மைக் ஸ்டாண்டின் காலுக்கும் ஒரு துண்டு வைத்தபின் முழுதும் தெளிந்தது. பழைய யோகா விரிப்பே போதும். சிமென்ட் தரையில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மாடியில் இருக்கும் கஃபேக்களில் வேறு சிக்கல் வரும். தாழ்ந்த ஒலி தளத்தின் வழியே கீழே இறங்கிவிடும். ஒரு முதல் மாடிக் கஃபேயில் கீழ்த்தளத்துக்காரர்கள் புகார் சொல்லி, மாதம்தோறும் நடந்துவந்த என் நிகழ்ச்சியே நின்றுபோனது. மேலே இருந்தவர்களுக்கு அது மென்மையாகத்தான் கேட்டது. மாடி என்றால் கீழே யார் இருக்கிறார்கள் என்று இப்போது முதலிலேயே விசாரித்துவிடுகிறேன்.

இனி உடம்பு. இதைத்தான் யாரும் பேசுவதில்லை, எனக்கு அதிகம் வலித்ததும் இதுதான். நின்றுகொண்டு, குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தைத் தூக்கித் தூக்கிப் பெட்டியின்மேல் தட்டிவந்தேன். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 100 அடி, 45 நிமிடப் பகுதி என்றால் 4,500 அடி. ஒரு மாலையில் அப்படி மூன்று பகுதிகள் பாடினால் 13,500. ஒவ்வொரு முறையும் முன்பாதத்தைத் தூக்குவது முழங்காலுக்குக் கீழே, முன்கால் எலும்பை ஒட்டி ஓடும் தசை. அந்தத் தசைக்கு இவ்வளவு வேலை பழக்கமே இல்லை. முதலில் நிகழ்ச்சிக்குப் பிறகு மட்டும் முன்கால் எரிந்தது. பிறகு காலையில் படுக்கையை விட்டு இறங்கும்போதே குத்தியது. கடைசியில் இடது இடுப்பும் பிடித்துக்கொண்டது. தட்டும் கால் வலதாயிற்றே, இடது இடுப்பு ஏன் என்று பயந்துபோய்ப் பிசியோதெரபிஸ்டிடம் போனேன். அவர் என்னை நிற்கவைத்து, தட்டச் சொல்லிப் பார்த்தார். வலது கால் தட்டிக்கொண்டிருக்கும் மணிக்கணக்கான நேரம் முழுவதும் உடலின் எடையை இடது காலே தாங்குகிறது என்று காட்டினார். சிகிச்சைக்கு 8,000 ரூபாய் ஆனது. அந்த வாரங்களில் கைவிட்ட நிகழ்ச்சிகளின் வருமானம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஓய்வில் இருந்தபோது, காலால் தாளம் போடுவதைப் பரம்பரையாகச் செய்துவருகிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். கனடாவின் கியூபெக்கில் ஃபிடில் வாசிப்பவர்கள் இரண்டு கால்களாலும் குதிகாலும் முன்பாதமும் மாற்றி மாற்றித் தரையில் தட்டுவது பழைய வழக்கம். அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்துதான் வாசிக்கிறார்கள். 1948-இல் டெட்ராய்ட்டில் ஜான் லீ ஹூக்கர் தன் முதல் பதிவுகளில் கிட்டாரோடு காலடியையே தாளமாக வைத்தார். மேளக்காரர் யாரும் கிடையாது, அந்த ஒற்றைக் காலடி பாட்டுக்குப் போதுமானதாக இருந்தது. உட்கார்ந்து வாசிப்பது சோர்வாகத் தெரியும், எழுந்து நில்லுங்கள் என்று ஏற்பாட்டாளர்கள் சொல்வார்கள். நான் இப்போது கேட்பதில்லை. முக்காலியின் உயரம் முக்கியம்: உட்கார்ந்தால் தொடை முழங்காலை நோக்கி லேசாகச் சரிய வேண்டும். முழங்கால் இடுப்பைவிட மேலே போனால் வயிறு மடங்கி மூச்சு குறைகிறது, மேல் ஸ்தாயியில் குரல் எட்டாது. பெட்டி எத்தனை உயரமோ அதே உயரத்துக்கு ஒரு பலகையைக் குதிகாலுக்குக் கீழே வையுங்கள். குதிகால் தாழ்ந்தும் விரல்கள் உயர்ந்தும் இருக்கும் நிலைதான் முன்காலைக் கொல்கிறது. முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலால் தட்டவும் பழகிக்கொண்டேன். அப்போது வேலை செய்வது கெண்டைத்தசை. ஒரு பாட்டுக்கு ஒன்று, அடுத்த பாட்டுக்கு இன்னொன்று என்று மாற்றினால் இரண்டுமே களைப்பதில்லை.

வலி போன பிறகுதான் தாளத்தைப் பற்றி யோசிக்கவே முடிந்தது. கையும் குரலும் ஏற்கெனவே சேர்ந்து பழகியவை, கால் புதிது. உச்சத்தில் ஒரு வரியை இழுத்துப் பாடும்போது கால் தானாக முந்துகிறது. சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, கிட்டாரே இல்லாமல், காலும் குரலும் மட்டும் வைத்துப் பழகியதில்தான் அது நின்றது. பிறகு பெரிய மண்டபங்களில் இன்னொரு கஷ்டம். ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகிறது. ஸ்பீக்கர் 7 மீட்டர் தள்ளி இருந்தால் என் அடி எனக்கே 20 மில்லிநொடி தாமதமாகக் கேட்கும். எதிர்ச் சுவர் 20 மீட்டர் தொலைவில் இருந்தால் அங்கே பட்டுத் திரும்பி வர நொடியில் ஒன்பதில் ஒரு பங்கு ஆகிறது. அந்த எதிரொலியைக் கேட்டு, அதற்காகக் காத்து, கால் மெல்ல மெல்லப் பின்தங்கும். பாட்டு முடியும்போது தொடங்கிய வேகத்தில் இருக்காது. பக்கத்தில் ஒரு மானிட்டர் (பாடுபவரை நோக்கி வைக்கும் ஸ்பீக்கர்) கேளுங்கள், அதில் காலடி தெளிவாக வரவேண்டும். எதிரொலி அதிகமுள்ள மண்டபத்தில் அடிகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

எந்த அடியில் தட்டுவது என்பதற்கு வெளிநாட்டுப் பாடக் காணொளிகள் எல்லாம் ஒரே விடை சொல்கின்றன: நாலில் ஒன்றும் மூன்றும். நாலாக எண்ணும் சதுஸ்ர நடைப் பாட்டுக்கு அது சரி. நான் பாடுவதில் பாதி கும்மி, தெம்மாங்கு மெட்டுகள். அவற்றில் பல மூன்றாக எண்ணும் திஸ்ரத்தில் ஓடுபவை. அங்கே தகிட தகிட என்று ஆறாக எண்ணி, ஒன்றிலும் நாலிலும் மட்டும் காலை வைத்தால் பாட்டு தானாக ஆடுகிறது. ஆறு எண்ணிலும் தட்டினால் மூச்சு முட்டும். ஏழாக எண்ணும் மிஸ்ர சாபு தாளத்தில் ஒன்றிரண்டு பாட்டுகள் வைத்திருக்கிறேன். தகிட தகதிமி என்ற ஏழில் ஒன்று, நாலு, ஆறு ஆகிய இடங்களில் காலை வைக்கிறேன். இது கைவர மாதங்கள் ஆயின. கற்ற நாளில் அடைந்த சந்தோஷம் வேறு எதிலும் கிடைக்கவில்லை. கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் கையில் போடும் தாளத்தைக் காலுக்கு மாற்றிப் பாருங்கள், எண்ணிக்கை ஏற்கெனவே உடம்பில் இருப்பதால் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரும்.

கனமான அடிக்கு வலது கால் என்றால், சலசலப்புக்கு இடது காலில் சலங்கை கட்டிக்கொண்டேன். இறக்குமதி டம்பரின் பெடல்களைவிட நம்முடைய பித்தளைச் சலங்கையின் ஓசை என் குரலுக்கு இசைவாக இருக்கிறது. குரல் மைக்கே அதைப் பிடித்துக்கொள்வதால் தனி மைக்கும் வேண்டாம். வங்காளத்தின் நாடோடிப் பாடகர்களான பாவுல்கள் ஒரு கையில் ஏக்தாரா என்ற ஒற்றைத் தந்தி வாத்தியம், இடுப்பில் டுக்கி என்ற சின்ன மேளம், கணுக்காலில் சலங்கை என்று ஒற்றை ஆளாகவே பாடி ஆடுகிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் எனக்கு இந்த எண்ணம் வந்தது. ஆனால் அவர்கள் நின்று ஆடுகிறார்கள், கால் முழுவதும் எழுந்து இறங்குகிறது. உட்கார்ந்து பாதத்தை மட்டும் அசைத்தால் கணுக்கால் அசைவதே இல்லை, சலங்கையும் ஊமையாகிவிடும். அதனால் பாதத்தின் முன்பக்கம், விரல்களுக்குச் சற்று மேலே, ஒரே ஒரு வரிசை மணி தைத்த வாரைக் கட்டுகிறேன். புடவை கட்டும் பெண்களுக்கு ஒரு வார்த்தை: கொசுவத்தின் கீழ்விளிம்பு மணிகளில் மாட்டும். ஓர் அங்குலம் உயர்த்திக் கட்டுங்கள், அல்லது கணுக்காலுக்கு மேலே நிற்கும் பாவாடைக்கு மாறிவிடுங்கள். பாட்டின் நடுவில் மாட்டிக்கொண்டால் இரண்டு கைகளும் கிட்டாரில் இருக்கும், எடுத்துவிட ஆளிருக்காது.

இப்போது நான் மேடைக்கு எடுத்துப்போவது அந்த இறக்குமதிப் பெட்டியை அல்ல. தெரிந்த ஆசாரி ஒருவரிடம் பலாமரத் துண்டுகளில் ஒன்று செய்யச் சொன்னேன், குதிகால் பலகையும் சேர்த்து 2,800 ரூபாய். பியசோ தகடு சென்னை ரிச்சி தெருவில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. மேல் பலகையின் அடிப்பக்கத்தில் தகட்டை ஒட்டி, ஒரு ஜாக் சாக்கெட்டுக்கு இரண்டு கம்பிகளைப் பற்றவைத்தால் வேலை முடிந்தது. ஒட்டும்போது இடையில் காற்றுக் குமிழ் இருக்கக்கூடாது. மின்விளக்குகளின் இரைச்சல் கேட்டால் தகட்டைச் செம்புத் தாளால் மூடி, அதை சாக்கெட்டின் எர்த் முனையோடு இணைத்துவிடுங்கள். உள்ளே கொஞ்சம் பஞ்சு அடைத்தால் அடி நீளாமல் கச்சிதமாக நிற்கும். வெறுங்காலால் தட்டினால் மெத்தென்ற ஓசை, தோல் அடியுள்ள செருப்பால் தட்டினால் கூர்மையான ஓசை. எனக்கு வெறுங்கால் பிடிக்கிறது.

நான் கடைசியாகப் புரிந்துகொண்டதும், இவை எல்லாவற்றிலும் முக்கியமானதாகக் கருதுவதும் இது. காலடி வந்துவிட்டால் கிட்டார் பழையபடி வாசிக்கக்கூடாது. கட்டைவிரல் தாழ்ந்த தந்திகளில் போட்டுவந்த அடிகளும் காலும் ஒரே இடத்தில் மோதி, கேட்பவருக்குக் குழம்பிய இரைச்சலாகப் போகும். மிக்சரில் கிட்டாரை 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடச் சொல்கிறேன், கட்டைவிரலுக்கும் பாதி வேலைதான் கொடுக்கிறேன். அதைவிட, எல்லாப் பாட்டிலும் காலைப் பயன்படுத்துவதில்லை. ஒரு மாலையின் பாட்டுகளில் மூன்றில் ஒன்றுக்குத்தான் கால் வருகிறது. அதிலும் பல்லவி இரண்டாம் முறை வரும்வரை சும்மா இருக்கிறது. முதல் பாட்டிலிருந்தே தட்டிய நாட்களில் யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது கால் நுழையும் இடத்தில் பேசிக்கொண்டிருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். தாலாட்டு, ஒப்பாரிச் சாயலுள்ள பாட்டுகளில் அதைத் தொடவே மாட்டேன்.

தொகை பேசும்போது ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். காலால் தாளமும் போடுவேன் என்று தெரிந்ததும், "அப்படியானால் மேளத்துக்கு ஆள் வேண்டாமே, பணம் மிச்சம்" என்று சில ஏற்பாட்டாளர்கள் சொல்கிறார்கள். கேட்கவே மனம் வலிக்கிறது. கஹோனோ தவிலோ வாசிப்பவர் என் குரலைக் கேட்டு அந்த நொடியில் பதில் சொல்வார், என் காலுக்கு அது தெரியாது. விருந்தினர்கள் எழுந்து ஆட வேண்டிய வரவேற்பு என்றால், வாத்தியக்காரரோடு வருகிறேன், அவருக்கான தொகை தனி என்று சொல்கிறேன். கஃபேயில் தனியாக என்றால், இந்தப் பெட்டிக்கும் டி.ஐ. பாக்ஸுக்கும் கூடுதல் சவுண்ட் செக்குக்குமாக 1,500 ரூபாய் சேர்த்துக் கேட்கிறேன். மிக்சரில் 48 வோல்ட் உண்டா, மானிட்டர் உண்டா, மேடை பலகையா சிமென்டா என்ற மூன்று கேள்விகளையும் அதே பேச்சில் கேட்டு எழுதிவைத்துக்கொள்கிறேன். பெரும்பாலானோர் தொகைக்குச் சம்மதிக்கிறார்கள். சம்மதிக்காத இடத்தில் கிட்டாரும் குரலும் மட்டும்.